நான்கரை மணி நேரம்
பெங்களூருவிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தொலைவு? ஓசூரில் தாய், கடல் கடந்து மகன் என வாழும் குடும்பங்களுக்கு ஒரு பயணக் கணக்கு

தளி, பாகலூர், கெலமங்கலம் பகுதிகளின் பசுமைக் குடில்களில் பறிக்கப்படும் ரோஜா, பெங்களூரு விமான நிலையத்தின் வழியே சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கிறது. அந்த மலர் செல்லும் வழியிலேயே நம் பிள்ளைகளும் சென்றிருக்கிறார்கள். ஓசூர் சிப்காட் ஆலைகளில் தொழில் கற்று, பின்னர் சிங்கப்பூரின் கப்பல் தளத்திற்கோ துபாயின் கட்டுமானத் தளத்திற்கோ போனவர்கள் இல்லாத தெரு இந்த வட்டாரத்தில் அரிது. சூளகிரியிலும் பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் பெற்றோர் இருக்கிறார்கள். பணம் அனுப்பும் மகனோ மகளோ கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள்.

நலமாய் இருக்கும் நாளில் இந்தத் தொலைவு பெரிதாகத் தெரிவதில்லை. மாலையானால் கைபேசியில் முகம் பார்த்துப் பேசிவிடுகிறோம். ஆனால் தாயோ தந்தையோ மருத்துவமனையில் சேர்க்கப்படும் நாளில் எல்லோர் வாயிலும் எழும் முதல் கேள்வி, "அவன் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதே. "நாலரை மணி நேரம்தானே, வந்துவிடுவான்" என்று யாரேனும் விடை கூறுவார்கள். அந்த விடை பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாமையால் சில குடும்பங்கள் எடுக்கக் கூடாத முடிவை எடுத்துவிடுகின்றன. ஆகவே இந்த இதழில் அந்தக் கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம்.

வானில் உள்ள தொலைவு

பூமி உருண்டை என்பதால், இரு நகரங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழியை அதன் வளைவை ஒட்டியே அளக்க வேண்டும். அவ்வாறு அளந்தால், தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையத்திற்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திற்கும் இடையே ஏறத்தாழ 3,180 கிலோமீட்டர். துபாய் இதைவிடச் சற்றே அருகில், ஏறத்தாழ 2,700 கிலோமீட்டரில் உள்ளது. கொழும்பு 700 கிலோமீட்டர் அளவிலேயே இருக்கிறது.

பயணிகள் விமானம் உயரத்தில் நிலைபெற்றபின் மணிக்கு ஏறத்தாழ 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 3,180 ஐ 850 ஆல் வகுத்தால் மூன்றே முக்கால் மணி நேரம் வரும். ஆனால் பயணச்சீட்டில் நான்கரை மணி நேரம் என்று இருக்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லுதல், மெல்ல உயர ஏறுதல், நெரிசலான வானில் வரிசையில் நின்று இறங்குதல், இறங்கிய பின் வாயிலை அடைதல் ஆகியவையும் அந்த நேரத்தில் அடங்கும்.

காற்றும் கணக்கை மாற்றும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி விரைவான காற்றோட்டம் ஒன்று வீசுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம் 1950களில் அதனை ஆராய்ந்து உலகிற்கு எடுத்துரைத்தார். இத்தகைய காற்று எதிர்ப்பட்டால் பயணம் சில நிமிடங்கள் நீளும்; பின்னிருந்து தள்ளினால் சில நிமிடங்கள் குறையும்.

நம் பாட்டன்மார் காலத்தோடு ஒப்பிட்டால் இது வியப்புதான். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு தமிழகக் கரைக்கும் மலேயா, சிங்கப்பூருக்கும் இடையே மக்களை ஏற்றிச் சென்றது. அப்பயணம் ஏறத்தாழ ஒரு வாரம் எடுத்தது. தந்தி கிடைத்து மகன் கப்பலேறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் காலம் அது. இன்று அந்த ஒரு வாரம் ஒரு நாளுக்குள் அடங்கிவிட்டது. இருந்தும், ஒரு நாள் என்பது நான்கரை மணி நேரம் அன்று.

பயணச்சீட்டின் கடிகாரம்

பயணச்சீட்டில் அச்சிடப்படும் புறப்பாட்டு நேரம் புறப்படும் ஊரின் நேரம்; வந்துசேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். சிங்கப்பூரின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. துபாயின் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. இதை மறந்தால் கணக்குப் பிழைக்கும்.

எடுத்துக்காட்டாக, சிங்கப்பூரில் இரவு 8 மணிக்குப் புறப்படும் விமானம் பெங்களூருவில் இரவு 10 மணிக்கு இறங்கும். பார்ப்பதற்கு இரண்டு மணி நேரப் பயணம் போலத் தோன்றும். உண்மையில் நான்கரை மணி நேரம் கடந்திருக்கும். திரும்பும்போது பெங்களூருவில் இரவு 11 மணிக்கு ஏறினால், சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே காலை 6 மணி. அது ஏழு மணி நேரம் போலத் தோன்றும்; அதுவும் நான்கரையே.

தொலைபேசியில் பேசுவதற்கும் இந்தக் கணக்கு பயன்படும். நம் ஊரில் மாலை 6 மணி என்றால் சிங்கப்பூரில் இரவு 8.30, துபாயில் மாலை 4.30. மருத்துவர் மாலைச் சுற்று முடித்து நிலைமையைக் கூறிய பின் பிள்ளைகளை அழைப்பதற்கு ஏற்ற நேரம் அது. நள்ளிரவில் பதற்றத்தோடு பத்துப் பேர் தனித்தனியே அழைப்பதைவிட, குறித்த நேரத்தில் ஒருவர் அழைத்துத் தெளிவாகச் சொல்வது மேல்.

தரையில் உள்ள தொலைவு

இனி எவரும் கணக்கில் சேர்க்காத பகுதிக்கு வருவோம். ஓசூருக்கு அருகிலுள்ள பன்னாட்டு விமான நிலையம் பெங்களூரு நகரின் மறுகோடியில் இருக்கிறது. நாம் நகருக்குத் தென்கிழக்கே. 2008 மே மாதம் திறக்கப்பட்ட அந்த நிலையம் நகருக்கு வடக்கே. ஓசூரிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு சந்திப்பு, ஹெப்பாள் ஆகிய பெயர்களை அறிந்தவர்களுக்கு அந்த 80 கிலோமீட்டரின் பொருளை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் இரண்டு மணி நேரத்திற்குள் கடந்துவிடலாம். மாலை நெரிசலில் மூன்று மணி நேரமும் போதாமல் போகும். நகருக்குள் நுழையாமல் சர்ஜாபூர், ஹொசகோட்டை வழியாகச் சுற்றிச் செல்வோரும் உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து வருவோர் இதனுடன் மேலும் ஏறத்தாழ 50 கிலோமீட்டரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வானில் 3,180 கிலோமீட்டரைக் கடக்க நான்கரை மணி நேரம். தரையில் 80 கிலோமீட்டரைக் கடக்க மூன்று மணி நேரம். நம் பகுதியின் பயணக் கணக்கு இவ்வளவுதான்.

ஓசூரிலேயே விமான நிலையம் இல்லையா என்று சிலர் கேட்பதுண்டு. பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமானத் தளம் ஒன்று உண்டு. ஆனால் அங்கிருந்து பயணிகள் விமானச் சேவை நடைபெறவில்லை. பெங்களூரு நிலையத்திற்கான ஒப்பந்தம், அதிலிருந்து 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை புதிய பன்னாட்டு நிலையம் வருவதற்குத் தடையாக உள்ளது. ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணியரைக் கையாளும் பன்னாட்டு நிலையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாடு அரசு 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தது. அது நனவாகும் வரை தேவனஹள்ளிச் சாலையே நம் வழி.

அந்தச் சாலையும் எந்நாளும் திறந்திருக்கும் என்று எண்ணக் கூடாது. 2023 செப்டம்பர் இறுதியில் காவிரி நீர்ச் சிக்கலை ஒட்டிப் பெங்களூருவிலும் கர்நாடகத்திலும் முழு அடைப்புகள் நடந்தபோது, தமிழகப் பேருந்துகள் ஓசூர் எல்லையோடு நின்றன. இத்தகைய நாள்களில் விமானம் வந்துவிடும். பயணி வந்து சேர்வதே தாமதமாகும்.

மாற்று வழிகளையும் அறிந்திருப்பது நல்லது. சென்னையிலிருந்தும் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் உண்டு. கிருஷ்ணகிரிக்கு இம்மூன்று ஊர்களும் ஏறத்தாழ 250 முதல் 280 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. சாலை நேரம் ஐந்து மணி அளவு. பெங்களூருக்கு மறுநாள்தான் இடம் கிடைக்கும் என்றால், இன்றிரவு திருச்சியில் இறங்குவது வீட்டை விரைவில் சேர்க்கும். தொலைவு குறைந்த ஊரைப் பார்க்காமல், வீட்டு வாசலை முதலில் அடையும் வழியைப் பார்க்க வேண்டும்.

கணக்கைக் கூட்டுவோம்

சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குச் செய்தி கிடைக்கிறது என்று கொள்வோம். மேலாளரிடம் விடுப்புக் கேட்டு, பயணச்சீட்டு வாங்கி, துணி எடுத்துக்கொண்டு சாங்கி நிலையத்தை அடைய இரண்டு மணி நேரம். விமானம் புறப்படுவதற்கு முன் அங்கே இரண்டு மணி நேரம். பறக்க நான்கரை மணி நேரம். பெங்களூருவில் குடிநுழைவுச் சோதனையும் பெட்டியும் ஒரு மணி நேரம். ஓசூர் வரை இரண்டரை மணி நேரம். கூட்டினால் பன்னிரண்டு மணி நேரம். உடனே ஒரு விமானம் இருந்து, அதில் ஓர் இடமும் இருந்தால்தான் இது நடக்கும். இல்லையேல் அடுத்த விமானத்திற்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். செய்தி கிடைத்ததிலிருந்து படுக்கையருகே வந்து நிற்கும் வரை 12 முதல் 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நேர்மையான கணக்கு.

நான்கரை மணி நேரத்தின் இன்னொரு பொருள்

இப்போது இந்தக் கட்டுரையின் உயிரான செய்திக்கு வருகிறோம். மருத்துவத்திலும் ஒரு நான்கரை மணி நேரம் உண்டு.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் ஒன்றை இரத்தக்கட்டி அடைத்துக்கொள்வதால் பக்கவாதம் வரும்போது, அந்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அதற்குள்ளும் முந்துகிற ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கு நன்மை. காலம் கடந்தபின் அம்மருந்தால் பயன் குறைந்து, மூளையில் இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து மேலோங்கும். பெரிய குழாய் அடைபட்டவர்களில் தகுதியுள்ள சிலருக்கு, கட்டியைக் கருவி மூலம் அகற்றும் சிகிச்சையை 24 மணி நேரம் வரையிலும் செய்யக்கூடும். அங்கும் முந்துவோர்க்கே பலன் மிகுதி.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அறுபத்தெட்டு வயதுத் தாய். காலை 7 மணிக்குத் தேநீர்க் குவளை வலக் கையிலிருந்து நழுவுகிறது. வாய் ஒரு பக்கம் கோணுகிறது. பேச்சுக் குழறுகிறது. இளைய மகன் வீட்டில் இருக்கிறார், மூத்தவர் சிங்கப்பூரில். 8 மணிக்கு மருத்துவமனை சேர்கிறார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் இரத்தக்கசிவு இல்லை என உறுதி செய்து, மருத்துவர் மருந்தின் பயனையும் ஆபத்தையும் விளக்கி ஒப்புதல் கேட்கும்போது மணி 9. "அண்ணனைக் கேட்காமல் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? அவர் வரட்டும், பேசி முடிவு செய்கிறோம்" என்கிறார் இளையவர்.

தாய்க்குக் கிடைத்துள்ள நேரம் 11.30 வரை. அண்ணனோ 7 மணிக்கே செய்தி கேட்டு, ஒரு நொடியும் வீணாக்காமல் புறப்பட்டு, அவருக்கென்றே ஒரு விமானம் காத்திருந்தாலும், ஓசூர் வந்து சேர மாலை ஆகிவிடும். விமானம் சிங்கப்பூரில் ஓடுபாதையை விட்டு எழும் முன்னரோ, வங்கக் கடலின் மேலே பறக்கும்போதோ தாயின் நேரம் முடிந்துபோயிருக்கும்.

இளையவர் மீது குறை இல்லை. மூத்தவரைக் கேட்டுச் செய்வது நம் குடும்பங்களின் பண்பு. ஆனால் கேட்பதற்கு அவர் நேரில் வரத் தேவையில்லை. தொலைபேசி ஒரு நொடியில் சிங்கப்பூரை அடைகிறது. மருத்துவர் பேசும்போதே ஒலிபெருக்கியில் அண்ணனும் கேட்கலாம். ஐந்து நிமிடத்தில் முடிவெடுக்கலாம். தொடர்பு கிடைக்கவில்லை என்றால் அருகில் இருப்பவரே முடிவெடுக்க வேண்டும். நோயாளி தெளிவோடு இருந்தால் அவருடைய சொல்லே முதன்மையானது.

மாரடைப்புக்கும் இதுவே நியதி. அடைபட்ட இதயக் குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையை நெஞ்சுவலி தொடங்கிய 12 மணி நேரத்திற்குள் செய்வதே பொதுவான வரையறை. முதல் இரண்டு மணி நேரத்திற்குள் செய்தால் இதயத் தசை பெரிதும் காக்கப்படும். மகனின் பயணமும் பன்னிரண்டு மணி நேரம் என்பதை மேலே பார்த்தோம். இவ்விரண்டில் எது காத்திருக்கும், எது காத்திராது என்பதைக் குடும்பம் உணர்ந்திருக்க வேண்டும்.

ஆகவே மூன்று செய்திகளை மனத்தில் பதியுங்கள். ஒன்று: முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல், இவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே 108ஐ அழையுங்கள், வெளிநாட்டு அழைப்பு அதற்குப் பின்னரே. இரண்டு: நோயாளி கடைசியாக நலமாய்க் காணப்பட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உறங்கி எழும்போதே அறிகுறி இருந்தால், இரவில் படுக்கச் சென்ற நேரத்திலிருந்தே கணக்குத் தொடங்கும். மூன்று: அவசர நிலையில் யார் முடிவெடுப்பது என்பதை எல்லோரும் நலமாய் இருக்கும் நாளிலேயே பேசி வையுங்கள். அடுத்த பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அதற்காக அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

எப்போது வரச் சொல்வது?

இது எல்லாக் கேள்விகளிலும் கடினமானது. "வரச் சொன்னால் பயந்துவிடுவான், சொல்லாவிட்டால் பின்னால் குறை சொல்வான்" என்று தவிக்கும் பெற்றோரை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். இத்தவிப்பைக் குறைக்க மருத்துவரிடம் ஒரு நேரடியான கேள்வியைக் கேளுங்கள்: "பிள்ளைகள் இன்றே புறப்பட வேண்டுமா, அல்லது ஒரு வாரம் கழித்து வரலாமா?" மருத்துவரால் எதிர்காலத்தை உறுதியாகக் கூற இயலாது; ஆயினும் நிலைமை எந்தத் திசையில் செல்கிறது என்பதைக் கூற இயலும். "உறவினர்களை வரவழையுங்கள்" என்று அவர் சொன்னால் தள்ளிப் போடாதீர்கள். வழியில் ஒரு நாள் கழியும் என்பதை அவருக்கும் தெரிவியுங்கள்.

உயிருக்கு ஆபத்து நீங்கிய நிலை என்றால் வேறு விதமாகவும் எண்ணலாம். மருத்துவமனையில் இருக்கும் நாள்களில் செவிலியர் இருக்கிறார்கள், மருத்துவர் இருக்கிறார்கள். பக்கவாத நோயாளிக்கும் இடுப்பெலும்பு முறிந்தவர்க்கும் ஆள் துணை பெரிதும் தேவைப்படுவது வீடு திரும்பிய பிறகுதான். எழுப்பி உட்கார வைக்க, நடை பழக்க, மருந்து கொடுக்க, இரவில் விழித்திருக்க ஒரு கை வேண்டும். இரண்டு வார விடுப்பே கிடைக்கும் மகன், முதல் நாளில் ஓடி வந்து தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருப்பதைவிட, வீடு திரும்பும் நாளில் வந்து உடனிருப்பது தாய்க்குப் பேருதவியாகும். பின்னர் வருவதால் அவன் அன்பு குறைந்தவன் ஆகிவிட மாட்டான். இதைச் சுற்றத்தார்க்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருப்போர் செய்து வைக்க வேண்டியவையும் சில உண்டு. கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். அவசர விடுப்பு முறையை வேலையிடத்தில் முன்னரே கேட்டறியுங்கள். பெங்களூருவில் பன்னாட்டு விமானங்கள் 2023 செப்டம்பர் முதல் இரண்டாம் முனையத்திலிருந்து இயங்குகின்றன. அழைத்துவர வண்டி அனுப்புவோர் அதைக் குறித்துக்கொள்க. ஓசூரிலிருந்து வாடகை வண்டி அமர்த்தினால், கர்நாடகத்திற்குள் செல்ல உரிய அனுமதி உள்ளதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து விமான நிலையத்திற்கு வாயு வஜ்ரா பேருந்துகளும் செல்கின்றன.

நோயாளி பறக்கலாமா?

குணமான பின் "எங்களோடு சிங்கப்பூரில் வந்து இருங்கள்" என்று பிள்ளைகள் அழைப்பதும் இயல்பு. பறப்பதற்கு முன் உடலைப் பற்றி ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். விமானம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் கூட்டி வைக்கப்படுகிறது. ஆயினும் அது தரையில் உள்ள அளவு இராது. அதிக அளவாக 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்கு ஒப்பாகும். உதகமண்டலம் ஏறத்தாழ 7,350 அடி உயரத்தில் உள்ளது. ஓசூரில் ஏறி, நான்கரை மணி நேரம் உதகையைவிடச் சற்று உயர்ந்த மலையில் அமர்ந்துவிட்டு, கடல் மட்டத்தில் இறங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். நலமானவர்க்கு இது ஒரு பொருட்டன்று. நுரையீரல், இதய நோயாளிகளுக்கும் கடுமையான இரத்தச் சோகை உள்ளவர்களுக்கும் அது சுமையாகலாம். மேலும், உடலுக்குள் அடைபட்டுள்ள காற்று அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். அதனால்தான் அறுவைச் சிகிச்சைக்குப் பின் காத்திருக்கச் சொல்கிறோம்.

பொதுவாகப் பின்பற்றப்படும் கால அளவுகள் இவை:

• லேப்ராஸ்கோப்பி முறையில் செய்த எளிய அறுவை: ஓரிரு நாள்.
• நெஞ்சு அல்லது வயிற்றில் பெரிய அறுவை: ஏறத்தாழ 10 நாள்.
• சிக்கலில்லாத மாரடைப்பு: குறைந்தது 7 முதல் 10 நாள், இதய மருத்துவரின் ஒப்புதல் தேவை.
• புதிதாகப் போட்ட மாவுக்கட்டு: நீண்ட பயணத்திற்கு 48 மணி நேரம்.
• விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயு செலுத்தப்பட்டிருந்தால்: அது முழுவதும் கரையும் வரை பறக்கவே கூடாது.
• கருவுற்றோர்: 28 வாரத்திற்குப் பின் மருத்துவர் கடிதம் வேண்டும், பொதுவாக 36 வாரத்திற்குப் பின்னும், இரட்டைக் கரு எனில் 32 வாரத்திற்குப் பின்னும் பறக்கக் கூடாது.

இவை பொது அளவுகளே. உங்கள் உடலுக்கான அளவை உங்கள் மருத்துவரே கூற வேண்டும். அண்மையில் சிகிச்சை பெற்றோருக்கும் விமானத்தில் ஆக்சிஜன் தேவைப்படுவோருக்கும் விமான நிறுவனத்தின் மருத்துவப் படிவம் ஒன்று உண்டு. அதை மருத்துவரிடம் நிரப்பிப் பெற்று, சில நாள்களுக்கு முன்னரே அனுப்ப வேண்டும். சொந்த ஆக்சிஜன் உருளையைக் கொண்டுசெல்லப் பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை. சக்கர நாற்காலி வேண்டும் என்பதைப் பயணச்சீட்டு வாங்கும்போதே பதிவு செய்யுங்கள், வெட்கப்பட வேண்டியதில்லை.

கால்களுக்கும் ஒரு கணக்கு

உலக நலவாழ்வு அமைப்பு 2007இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் கால் சிரையில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகும் என்று கூறியது. நலமானவர்களில் அது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு நேர்வது, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அண்மையில் அறுவை செய்துகொண்டோர், புற்றுநோயாளிகள், முன்னர் இவ்வாறு இரத்தம் உறைந்தவர்கள், கருவுற்றோர் ஆகியோருக்கு ஆபத்து கூடும்.

சிங்கப்பூர்ப் பயணம் இந்த நான்கு மணி எல்லையைத் தாண்டுகிறது. மேலும், அவ்வாய்வு சொன்ன அசைவின்மை விமானத்திற்கு மட்டும் உரியதன்று. காருக்கும் பேருந்துக்கும் பொருந்தும். ஓசூரிலிருந்து காரில் மூன்று மணி நேரம் அமர்ந்து சென்று, பின் விமானத்தில் நான்கரை மணி நேரம் அமர்வோர் இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும். வழியில் ஒருமுறை வண்டியை நிறுத்தி நடங்கள். விமானத்தில் மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். இயலாவிடில் குதிகாலையும் கால்விரலையும் மாறி மாறி உயர்த்தித் தாழ்த்துங்கள். போதிய நீர் அருந்துங்கள். காலுறையோ இரத்த உறைவுத் தடுப்பு மருந்தோ தேவையா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக மாத்திரை விழுங்க வேண்டாம்.

கைப்பையில் இருக்க வேண்டியவை

மருந்துகள் அனைத்தும் கைப்பையில் இருக்கட்டும், அவற்றின் உறையோடும் மருந்துச் சீட்டோடும். இன்சுலினை ஒருபோதும் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே உறைந்து கெடக்கூடும். இரண்டரை மணி நேர வேறுபாடு சிறியது என்பதால் பெரும்பாலான மாத்திரைகளுக்குச் சிக்கல் இல்லை. இன்சுலின் போடுவோர் மட்டும் உணவு நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில வலிநீக்கிகளுக்கும் தூக்க மருந்துகளுக்கும் சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் முன் அனுமதி வேண்டும். நம் ஊரில் மருத்துவர் எழுதித் தரும் டிரமடால் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. பாட்டிமார் அன்போடு கட்டிக் கொடுக்கும் கசகசாவும் அங்கே தடை செய்யப்பட்ட பொருள்.

இதயத் துடிப்புக் கருவி பொருத்தப்பட்டோர் அதன் அட்டையைக் கொண்டுசெல்லுங்கள். நோயின் பெயர், மருந்துகளின் பொதுப்பெயர், ஒவ்வாமை, மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ஒரு படியை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள்.

அந்தத் தாளின் கீழே இன்னும் ஒரு வரியைச் சேர்த்து எழுதுங்கள்: அவசர நேரத்தில் இங்கே முடிவெடுப்பவர் இன்னார் என்று. அதைக் கடல் கடந்த பிள்ளையும் படித்து ஒப்பட்டும். அந்தப் பிள்ளை நம் அருகே வந்து சேரப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அதற்குள் செய்ய வேண்டிய சிகிச்சையை அருகில் இருப்பவர் செய்து முடித்திருந்தால், வந்தவருக்குத் தாய் எழுந்து அமர்ந்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்கும் வாய்ப்பு இருக்கும்.